நில் என்று எழுதிய நோட்டு

சத்யபிரியாவுக்கு முயல்களைக் கண்டால் ஆகாது. முயல்கள் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஆனால் ஐந்து வருஷமாக, வாரத்துக்கு நாலு தடவையாவது, ஒரு ஜோடி முயலைக் கூண்டில் அடைத்து, அது குட்டி போட, அந்தக் குட்டிகள் வளர்ந்து குட்டி போட, மாசாமாசம் கூண்டில் எத்தனை ஜோடி என்று எண்ணிச் சொல்லி அவளுக்கு வாய் புளித்துவிட்டது. ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று. முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது. பிபனாச்சி என்ற இத்தாலிக்காரர் எழுதிவைத்த கணக்கு.

"இந்த வரிசையில ஒரு எண்ணை அடுத்த எண்ணால வகுத்துப் பாருங்க. முப்பத்தி நாலை ஐம்பத்தஞ்சால. எவ்வளவு வருது?" என்று கேட்பாள். செல்போன்களைத் தட்டி, "பாயிண்ட் சிக்ஸ் ஒன் எய்ட்" என்பார்கள். "ஐம்பத்தஞ்சை எண்பத்தொன்பதால?" மறுபடி அதே. அந்த இடத்தில் வகுப்பு முழுக்க ஒரு 'ஓ' எழும். குரோம்பேட்டை கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடமானாலும் சரி, பெருங்களத்தூர் குடியிருப்போர் சங்கக் கட்டடமானாலும் சரி, அந்த 'ஓ' ஒரே சுருதிதான்.

அப்புறம் பங்குச் சந்தைக்கு வருவாள். நூறு ரூபாய்ப் பங்கு இருநூறு வரை ஏறி, இறங்கத் தொடங்குகிறது. எங்கே நிற்கும்? ஏறிய நூறு ரூபாயில் 38.2 சதவீதம் இறங்கினால் ஒரு கோடு, பாதி இறங்கினால் ஒரு கோடு, 61.8 சதவீதம் இறங்கினால் ஒரு கோடு. விலை இந்த மூன்று கோடுகளில் ஒன்றில் கால் ஊன்றி மறுபடி ஏறும் என்பதுதான் பாடம். திரையில் படம் படமாகக் காட்டுவாள். ஒவ்வொரு படத்திலும் விலை சொல்லிவைத்ததுபோல் கோட்டில் வந்து நின்று திரும்பும்.

அவள் ஒன்றும் ஏமாற்றுக்காரி இல்லை. மாடம்பாக்கத்துக்காரி. சேலையூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டு வருஷம் கணக்கு டீச்சர். கொரோனாவில் பள்ளி பாதிச் சம்பளம் என்றது, பிறகு பாதி ஆள் போதும் என்றது. வீட்டில் அடைந்து கிடந்த அந்த மாதங்களில்தான் செல்போனில் இந்தக் கோடுகளைப் பார்த்தாள். பத்தாம் வகுப்புக்கு நடத்தி நடத்திச் சலித்த எண்கள், எங்கோ மும்பையில் யார் யாரோ வாங்கி விற்கும் விலைக்குள் உட்கார்ந்திருக்கின்றன என்று கண்டபோது அவளுக்கு நிஜமாகவே புல்லரித்தது. அந்தப் புல்லரிப்பைத்தான் அவள் விற்கப் போனாள். முதல் இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் புல்லரிப்பு போய், பை மட்டும் மிஞ்சியது.

பை என்றால் புரொஜெக்டர், லேப்டாப், சுருட்டிய திரை, நீட்டிப்பு ஒயர். பத்து கிலோ இருக்கும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறி இறங்கி, ரயிலில் நின்று, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்து, ஒவ்வொரு ஊரிலும் பிளக் பாயிண்ட் தேடி, முயலை அவிழ்த்துவிட வேண்டும். வலது தோள் இடது தோளைவிட இறங்கிவிட்டது. தையல்கடைக்காரர் அளவெடுக்கும்போது, "என்ன மேடம், ஒரு பக்கம் சாஞ்சிட்டீங்க?" என்று கேட்டே விட்டார்.

ஆகவே அந்தத் திங்கட்கிழமை காட்டாங்குளத்தூருக்கு அப்பால் உள்ள ஒரு தனியார் கல்லூரியிலிருந்து வணிகவியல் துறைத் தலைவர் ஏசுதாசன் போன் செய்தபோது, அவளுக்கு முதலில் காதில் விழுந்தது ஒரே ஒரு விஷயம்தான்.

"பர்மனென்ட் போஸ்ட் மேடம். உங்களுக்குன்னு ஒரு ஸ்மார்ட் கிளாஸ் ரூம். எல்லாம் சுவத்துலயே ஃபிட் பண்ணியிருக்கு. நீங்க சும்மா கையை வீசிட்டு வந்தா போதும்."

கையை வீசிக்கொண்டு. அவள் நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

பிபனாச்சி முறையில் விலைப்படம் பார்ப்பதற்கு ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு ஒன்று ஜூனில் தொடங்குகிறார்களாம். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மாணவர்கள் முன்னால் ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். "ஒரு ஃபார்மாலிட்டி. உங்களைத்தான் எடுக்கப் போறோம்" என்றார் ஏசுதாசன். "ஒண்ணே ஒண்ணு. கமிட்டியில கேப்பாங்க, இது நிஜமாவே வொர்க் ஆகுதான்னு. உங்க ஸ்டூடண்ட் யாராவது போட்ட ரெக்கார்டு இருந்தா எடுத்துட்டு வாங்க. நீங்க போட்டதா இருக்கக் கூடாது."

சத்யபிரியா ஒவ்வொருவராக யோசித்தாள். முக்கால்வாசிப் பேர் மூன்றாம் வகுப்போடு நோட்டை மூடிவிடுவார்கள். ஒழுங்காக எழுதுகிறவர் ஒரே ஒருத்தர். பெருங்களத்தூர் வகுப்பில் முதல் வரிசையில் உட்காரும் வேதாசலம். மாநகரப் பேருந்தில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பங்குகூட வாங்கியதில்லை. வாங்கினால் வீட்டுக்குள் வர வேண்டாம் என்று மனைவி தனக்கோடி சொல்லியிருந்தாள். ஆனால் தினமும் செல்போனில் பங்குச் சந்தைக் குறியீட்டெண்ணைப் பார்த்து, விலை ஏறி இறங்கத் தொடங்கும்போதெல்லாம் மூன்று கோட்டையும் கணக்குப் போட்டு, நோட்டில் ரூல் தடி வைத்து எழுதிவிடுவார்.

செவ்வாய்க்கிழமை அவர் தாம்பரம் பேருந்து நிறுத்தத்துக்கே நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பிரவுன் அட்டை போட்டு, மேலே பெயர் எழுதியிருந்தது.

"காலேஜுக்கா மேடம் போவுது என் நோட்டு?"

"ஆமா சார். புரொஃபசருங்க எல்லாம் பார்க்கப் போறாங்க."

"நான் எட்டாவதோட நின்னவன். பாரு, நமக்கு முன்னாடி நோட்டு காலேஜுக்குப் போயிகினுகீது" என்று சிரித்துவிட்டு, அவளுடைய பையைத் தானே தூக்கி ஷேர் ஆட்டோவில் வைத்தார். "இன்னா மேடம், உள்ள கல்லா வச்சிகினு கீறீங்க?"

அன்று வகுப்புக்கு முன்னால் ஒரு மணி நேரம் இருந்தது. நோட்டைப் பிரித்தாள். ஆறு மாதம், எழுபது இறக்கங்கள். ஒவ்வொரு இறக்கத்துக்கும் மூன்று கோடு, ஆக இருநூற்றுப் பத்துக் கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பதிவு. சில கட்டங்களில் '1' என்று எழுதியிருந்தார். பெரும்பாலான கட்டங்களில் 'நில்' என்று எழுதியிருந்தார்.

நில். விலை அங்கே நின்றது. 1 என்றால் நிற்காமல் கடந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டாள்.

அவள் பென்சில் எடுத்து எண்ணினாள். 1 என்பது அறுபத்திரண்டு இடம். நில் என்பது நூற்று நாற்பத்தெட்டு இடம். நூற்றுக்கு எழுபது! அவளே இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஒரே இறக்கத்தில் இரண்டு மூன்று கோட்டிலும் நில் என்று இருந்ததைக் கவனித்தாள். படியில் இறங்குகிறவர் நின்று நின்று இறங்குவதுபோல விலையும் இறங்கியிருக்கும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பக்கங்களைப் படமெடுத்து ஏசுதாசனுக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது. "செவன்ட்டி பர்சன்ட்! சூப்பர் மேடம். பிரவுச்சர்லயே போட்டுடலாம். அந்த ஸ்டூடண்ட்கிட்ட ஒரு லெட்டர் மட்டும் வாங்கிடுங்க."

அன்று வகுப்பில் முயல்கள்கூடச் சிறிது துள்ளின.

புதன்கிழமை காலை கடிதத்தைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு வேதாசலம் வீட்டுக்குப் போனாள். தனக்கோடி வாசலில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"வாம்மா டீச்சரம்மா. உன்னாலதான் எங்க வூட்ல பென்சிலு செலவு தாங்கல. புள்ளைங்க படிக்கறப்போகூட இவ்ளோ வாங்கல."

"சும்மா இரு" என்றார் வேதாசலம். "காலேஜ் மேட்டர் பேச வந்துகிறாங்க."

"காலேஜாமே காலேஜு. போ, தொப்பி போட்டுகினு பட்டம் வாங்கு."

சத்யபிரியா சிரித்தபடி கடிதத்தை நீட்டினாள். வேதாசலம் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார். "நான் பதிவு செய்த இருநூற்றுப் பத்து இடங்களில் நூற்று நாற்பத்தெட்டு இடங்களில் விலை நின்றது" என்ற வரியில் விரல் நின்றது.

"இது தப்பாகீதே மேடம். நின்னது அறுபத்திரண்டுதானே?"

"இல்ல சார், நில்னு நூத்தி நாப்பத்தெட்டு இடத்துல எழுதியிருக்கீங்க. நான் ரெண்டு தடவை எண்ணினேன்."

"ஐய, இது இங்கிலீஷ் நில்லு மேடம். சைபரு." அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து பழைய டிரிப் ஷீட் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். ஸ்டேஜ் வாரியாகக் கட்டம். "ஒரு ஸ்டேஜ்ல ஒருத்தர் ஏறுனா ஒண்ணு போடுவோம். ஆளே ஏறலன்னா நில்லுன்னு எழுதணும். கட்டத்தை சும்மா வுடக் கூடாது. செக்கர் ஏறுனா மெமோதான். அதே மாதிரிதான் இங்கயும் எழுதினேன். கோட்டாண்ட நின்னா ஒண்ணு. நிக்காம போயிட்டா நில்லு."

சத்யபிரியா நோட்டையே பார்த்தாள். ஒரே இறக்கத்தில் மூன்று கட்டத்திலும் நில், நில், நில். இப்போது அதற்கு வேறு அர்த்தம் வந்தது. நிற்கவில்லை, நிற்கவில்லை, நிற்கவில்லை.

"இன்னா மேடம், தப்பா எழுதிட்டனா?" என்றார் வேதாசலம், குரல் இறங்கி.

"இல்ல சார். நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க."

வகுப்பில் அவள் காட்டும் படங்கள் எல்லாம் நின்ற இடங்கள். நிற்காமல் போன இடத்தை அவள் ஒருநாளும் எண்ணியதில்லை. எண்ண வேண்டும் என்று தோன்றியதே இல்லை. பன்னிரண்டு வருஷம் பிள்ளைகளின் விடைத்தாளில் தப்புக்குத் தப்பு சிவப்பு மை போட்டவள்.

கையெழுத்து வாங்காமல் கிளம்பினாள். தாம்பரம் பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. நூற்றுக்கு முப்பது இடத்திலாவது நிற்கிறதே, சும்மாவா நிற்கும்? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, வேறு எண்களைப் போட்டுப் பார்ப்பதுதான் என்று உள்ளேயிருந்த கணக்கு டீச்சர் சொன்னாள். எந்த எண்? எதிரே பேருந்துகள் வந்து நின்றன. 21ஜி. அடுத்து 66. அதன் பின்னால் வேளச்சேரி வழியாகப் போகும் ஒரு 51. சரி, இதுவே இருக்கட்டும். இருபத்தொன்று, ஐம்பத்தொன்று, அறுபத்தாறு. இந்த எண்களுக்கும் முயலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

புதன் மதியமும் வியாழன் பகலும் சமையலறை மேஜையில் லேப்டாப்பை வைத்து அதே எழுபது இறக்கங்களுக்கும் பேருந்து எண்களில் கோடு போட்டாள். வேதாசலம் வைத்த அதே கண்டிப்புதான்: நின்றால் ஒன்று, போனால் நில். மறைமலை நகர் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த கணவன் கதிரேசன், தானே சோறு போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தான்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"பதினொண்ணு."

"எதுக்குடி இதெல்லாம் கிளறுற? நாளைக்குப் போய் எப்பவும் சொல்றதைச் சொல்லிட்டு வேலையை வாங்கு. உன் தோளைக் கண்ணாடியில பாரு."

அவள் அடுத்த இறக்கத்துக்குக் கோடு போட்டாள். கடைசிக் கோட்டையும் போட்டு முடித்துக் கூட்டினாள். பிபனாச்சி எண்களுக்கு விலை நின்றது அறுபத்திரண்டு இடம். பேருந்து எண்களுக்கு அறுபத்துநான்கு.

"என்ன ஆச்சு?" என்றான் கதிரேசன்.

"21ஜி ஜெயிச்சிடுச்சு" என்றாள். சிரிப்பு வரும் என்று நினைத்தாள், வரவில்லை. மேலும் கீழும் அலையும் கோட்டுக்குக் குறுக்கே எந்த மூன்று கோடு போட்டாலும் அது எங்கேயாவது ஒன்றின் அருகே திரும்பத்தான் செய்யும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிப் புரியவைத்துவிடலாம். அவளுக்குப் புரிய ஐந்து வருஷம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை அவள் எப்போதும் சொல்வதைச் சொல்லத்தான் போனாள். அதில் சந்தேகமில்லை. ரயிலில் அதைத்தான் தீர்மானித்திருந்தாள். உலகத்தில் எத்தனையோ பேர் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், எத்தனையோ பேர் நம்புகிறார்கள், ஒருத்தி சொல்லாமல் விட்டதால் எந்தக் கோடும் அழிந்துவிடப் போவதில்லை.

அறை ஏசுதாசன் சொன்னதுபோலவே இருந்தது. சுவரில் திரை, சுவரில் பிளக், நல்ல குளிர். பின்வரிசையில் ஏசுதாசனும் இன்னும் இரண்டு பேராசிரியர்களும். முன்னால் முப்பது மாணவர்கள். சத்யபிரியா வணக்கம் சொல்லிவிட்டு, வாயைத் திறந்தாள்.

"ஒரு கூண்டுல ஒரு ஜோடி முயல்..."

அதற்குமேல் வரவில்லை. மறந்துவிடவில்லை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் அந்த முயலை இன்னும் ஒரே ஒரு தடவை குட்டி போடவைக்க உடம்பில் தெம்பில்லை. இந்த வேலை கிடைத்தால் ஓய்வு பெறுகிறவரை இருபது வருஷம் இதே அறையில், இதே குளிரில், இதே முயல். துணிச்சல் என்று பின்னால் யாராவது சொன்னால் அது பொய். அலுப்புதான் அவள் கையைப் பிடித்துப் பலகைக்குக் கூட்டிப்போனது.

பலகையில் 'நில்' என்று எழுதினாள்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"ஸ்டாப்!" என்றது வகுப்பு.

"நானும் அப்படித்தான் படிச்சேன்" என்று ஆரம்பித்தாள். கண்டக்டரின் நோட்டு, நூற்று நாற்பத்தெட்டு, பேருந்து எண்கள், அறுபத்திரண்டு, அறுபத்துநான்கு, எல்லாவற்றையும் இருபது நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். குரலை ஏற்றவில்லை, இறக்கவில்லை. கடைசியில் ஜன்னலோரம் இருந்த மாளவிகா என்ற பெண் கையைத் தூக்கினாள்.

"மேடம், அப்போ இந்த கோர்ஸ்ல நாங்க என்ன படிப்போம்? பஸ் ரூட்டா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பின்வரிசையில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

வராந்தாவில் ஏசுதாசன் அவளைத் தனியே அழைத்துப்போனார். கோபப்படவில்லை. நல்ல மனிதர், அவர்பாட்டுக்கு அவர் வேலையைப் பார்க்கிறார்.

"என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க? சப்ஜெக்ட் பேரே அதுதானே. அட்மிஷன் ஓப்பன் பண்ணியாச்சு."

"தப்பான கணக்கை உங்களுக்கு அனுப்பிட்டேன் சார். திருத்தணும்னு தோணுச்சு."

"சரி, திருத்தியாச்சு. பசங்க ஜோக்குன்னு எடுத்துக்குவாங்க. கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்." கொஞ்சம் யோசித்துக் குரலைத் தாழ்த்தினார். "அந்த நோட்டுல நில்னுதானே எழுதியிருக்கு? தமிழ்ல நில்னா நின்னதுன்னே வச்சுக்குவோமே. யார் கேக்கப் போறா?"

ஒரு கணம் அந்தக் குளிர்ந்த அறையைக் கதவுக்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நிஜமாகவே யாரும் கேட்கப் போவதில்லை.

"எழுதினவர் கேப்பார் சார்" என்றாள். "வேற யாரையாவது பாருங்க."

நோட்டைத் திருப்பிக் கொடுக்க பெருங்களத்தூரில் இறங்கியபோது மணி மூன்று. வேதாசலம் வாசலுக்கே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார்.

"இன்னா மேடம் சொன்னாங்க காலேஜ்ல? என் கையெழுத்து புரிஞ்சிச்சா அவங்களுக்கு?"

"உட்காருங்க சார், சொல்றேன்."

சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அவருடைய நோட்டுதான் சரி என்பதை முதலில் சொன்னாள், அது சரியாக இருப்பதால் தான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்பதை அடுத்து. பேருந்து எண்களைச் சொன்னபோது அவர் முகம் ஒரு நொடி மலர்ந்தது. "21ஜி-யா? அதுல நான் ஒன்பது வருஷம் ஓடினேன்" என்றார். பிறகு சொன்னதன் அர்த்தம் மெதுவாகப் போய்ச் சேர்ந்தது.

"அப்போ எந்த நம்பருதான் மேடம் கரெக்ட்டு?"

"எதுவும் இல்ல சார்."

அவர் நோட்டின் அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். "காலைல ஒன்பதேகாலுக்கு மார்க்கெட்டு தொறக்குது. மூணரைக்கு மூடுது. அது வரைக்கும் எனக்கு டியூட்டி மாதிரி இருந்துச்சு. ரிட்டையர் ஆனதுல இருந்து இந்த ஆறு மாசந்தான் நேரம் போனதே தெரியல. இனிமே நான் இன்னா பண்றது?"

மன்னிப்புக் கேட்கலாம், அவருடைய பகல்பொழுதை அது நிரப்பாது.

உள்ளேயிருந்து தனக்கோடி டீயோடு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் வழக்கமான கிண்டல் வரவில்லை. "உன் வேலை இன்னாமா ஆச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"போச்சுக்கா."

"இவரு நோட்டாலயா?"

"இல்ல. என்னாலதான்."

தனக்கோடி டம்ளரை அவள் கையில் திணித்தாள். "சூடா குடி. மூஞ்சியப் பாரு, வெந்த கீரை மாதிரி."

அவள் டீயைக் குடித்தாள். ஓரத்தில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வேதாசலம் பக்கங்களைப் புரட்டினார். திடீரென்று தலை நிமிர்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை கிளாஸ் கீதா மேடம்?"

புது வகுப்பு. பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ரயிலில் வரும்போது அவள் அதை நினைக்காமல் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு சார். ஒரே ஒரு கிளாஸ். இதைச் சொல்லி, கட்டின காசைத் திருப்பிக் கொடுத்துடுவேன்."

"நீங்க சொன்னா நம்புவாங்களா?"

"மாட்டாங்க. சொல்லிக்கொடுத்து அலுத்துப்போய் இப்படிச் சொல்றேன்னு நினைப்பாங்க. நீங்க வாங்க. நோட்டோட வாங்க. ஒவ்வொரு கட்டமா நீங்களே படிச்சுக் காட்டுங்க."

வேதாசலம் மனைவியைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள், போ என்பதுபோல.

"வர்றேன்" என்றார். "ஆனா மேடம், இதைப் படிச்சா கிளாஸ்ல ஒருத்தனும் நிக்க மாட்டானே?"

"நிக்க மாட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு சத்யபிரியா எழுந்தாள். "பத்து மணிக்கு வந்துடுங்க."

தெருமுனையில் அவளுக்கு முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ நிரம்பிப் போயிற்று. அடுத்தது வர நேரமாகும் என்றார்கள். கையில் பையில்லாமல் நிற்பது பழக்கமில்லாததால், எந்தத் தோள் பக்கம் சாய்ந்து நிற்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறினாள். பிறகு நடக்க ஆரம்பித்தாள்.